நின்றுகொண்டு சிரிப்பது

என் மனைவி சொல்லும் வேடிக்கைகளை நான் உட்கார்ந்துதான் கேட்பேன். நாற்காலி, கட்டில், மாடிப்படி, எதுவும் இல்லாவிட்டால் தரை. முதன்முறையாக வீட்டுக்கு வருபவர்களுக்கு இது விநோதமாகத் தெரியும். கணவனை உட்காரவைத்துவிட்டு எதிரே நின்றுகொண்டு ஒருத்தி மீன்காரரைப் போலவோ பேருந்து நடத்துநரைப் போலவோ பேசிக் காட்டுகிறாள். அவன் இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு, பல் பிடுங்க வந்தவன் மாதிரிக் காத்திருக்கிறான். இந்த ஏற்பாடு அமைய ஏறக்குறைய பத்து ஆண்டுகள் ஆயின. அதற்குள் எங்கள் வீட்டில் சிரிப்பு நின்றே போயிருக்கும். நிற்காமல் போன விதத்தை வரிசையாக எழுதிவைக்க வேண்டும் என்று எனக்கு நெடுநாள் எண்ணம். எதையும் வரிசையாக எழுதிவைப்பது என் பழக்கம்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், மத்திய அரசு அலுவலகம் ஒன்றுக்கு மாற்றலாகிக் கல்கத்தா வந்தேன். ஊருக்கு அப்போது அந்தப் பெயர்தான். அலுவலகம் எஸ்பிளனேடு பக்கம். குடியிருக்க டாலிகஞ்சைத் தேர்ந்தெடுத்தேன். அங்கே மெட்ரோ ரயில் முடிந்துவிடுகிறது என்பதுதான் காரணம். ரயிலில் உட்கார்ந்தால் எனக்கு உடனே கண் செருகும். கடைசி நிலையம் என்றால் தாண்டிப் போக வழியில்லை. யாராவது தோளைத் தட்டி இறக்கிவிடுவார்கள். அப்போது மறுமுனையில் எஸ்பிளனேடும் கடைசி நிலையமாகத்தான் இருந்தது. என்னை உத்தேசித்தே போட்ட பாதை என்று நினைத்துக்கொள்வேன். சில ஆண்டுகளில் பாதையை வடக்கே நீட்டினார்கள். ஊரே மகிழ்ந்தது. நான் மட்டும் காலை வேளைகளில் முன்பின் தெரியாத நிலையங்களில் கண் விழித்து, எதிர்ப்பக்க ரயிலைப் பிடித்துத் திரும்பி வந்துகொண்டிருந்தேன்.

தூக்கம் எனக்குக் கல்லூரி நாளிலிருந்தே இப்படித்தான். இரவு நன்றாகப் படுத்து எழுந்தாலும் பகலில் அலை மாதிரி வரும். கோப்பில் குறிப்பு எழுதிக்கொண்டிருப்பேன். கை எழுதிக்கொண்டே இருக்கும், நான் அங்கே இருக்க மாட்டேன். ஒரு முறை ஊழியர் ஒருவரின் விடுப்பு விண்ணப்பத்தில், "கத்தரிக்காய்க்கு ஈட்டிய விடுப்பு அனுமதிக்கலாம்" என்று தெளிவான ஆங்கிலத்தில் எழுதிக் கையொப்பமும் இட்டிருந்தேன். மேலே போகுமுன் அந்தத் தாளை உருவி எடுத்துக் கொடுத்தவர் எங்கள் குடியிருப்பின் கீழ்வீட்டுக்காரர். என் அலுவலகத்திலேயே பக்கத்துப் பிரிவில் வேலை பார்த்தவர். வங்காளி. என்னைவிட மூத்தவர் என்பதால் எங்கள் இருவருக்குமே அவர் தாதா, அதாவது அண்ணன். அவருக்கு என் மனைவி பௌதி, அண்ணி. அவர் மனைவியும் எங்களுக்குப் பௌதிதான். ஆகவே மாடிப்படியில் நின்று "பௌதி" என்று கூப்பிட்டால் இரண்டு கதவுகள் திறக்கும்.

கத்தரிக்காய் என் மனதில் ஏறியதற்குத் தாதாவேதான் காரணம். அவர் காய்கறி வாங்கும் அழகு அப்படி. ஒவ்வொரு கத்தரிக்காயையும் எடுத்து, நாடி பார்ப்பதுபோல் அழுத்தி, காதருகே கொண்டுபோய், பெருமூச்சு விட்டுக் கீழே வைப்பார். கடைக்காரர் பொறுமையிழந்து ஏதாவது சொன்னால், "நான் கல்யாணம் பண்ணும்போதுகூட இவ்வளவு பாக்கல, அதனால்தான் இப்பப் பாக்கறேன்" என்பார். வங்காளமும் இந்தியும் கலந்து அவர் பேசியதெல்லாம் என் நினைவில் எப்படியோ தமிழாகவே பதிந்திருக்கிறது. காரணம், என் மனைவி அவற்றைத் தமிழில் நடித்துக் காட்டுவதுதான்.

அவள் திருநெல்வேலிக்காரி. கல்யாணமாகி இங்கே வந்தபோது வங்காளத்தில் ஒரு சொல் தெரியாது. ஆனால் ஒருவரைப் பத்து நிமிடம் பார்த்தால் போதும். அவர் தோளைக் குலுக்குவது, மூக்கை உறிஞ்சுவது, வாக்கியத்தின் கடைசியை இழுப்பது எல்லாம் அவளிடம் வந்துவிடும். மொழி பிறகு வந்து சேர்ந்தது. மாலையில் நான் வீடு திரும்பினால் அன்றைக்குச் சந்தையில் கண்ட ஆட்கள் ஒவ்வொருவராக எங்கள் சமையலறைக்குள் வந்து போவார்கள்.

முதல் வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. நான் ரசப் பாத்திரத்தை அடுப்படியிலிருந்து கூடத்துக்கு எடுத்துப் போகிறேன். அவள் ஒரு சொம்பைக் காதருகே வைத்து, பெருமூச்சு விட்டுக் கீழே வைத்தாள். தாதா, அச்சு அசலாக. எனக்குச் சிரிப்பு வந்தது. கூடவே தாடை தொங்கியது, கழுத்து சாய்ந்தது, முழங்கால்கள் நனைந்த துணிபோல மடிந்தன. கீழே கிடந்தேன். நினைவு முழுதாக இருந்தது. ரசம் முன்கையில் கொட்டிச் சுடுவது தெரிந்தது, கையை நகர்த்த முடியவில்லை. அவள் நான் செத்ததுபோல் நடிக்கிறேன் என்று நினைத்து இன்னும் சிரித்தாள். ஒரு நிமிடத்துக்குள் நான் எழுந்துவிட்டேன். அதற்குள் அவள் சிரிப்பு அழுகையாகியிருந்தது. அந்தத் தழும்பு இன்றும் இருக்கிறது, பூசணி விதை அளவில், வரிசையாக மூன்று.

வழுக்கிவிட்டது என்று இருவருமே முதலில் நம்பினோம். மறுபடி மறுபடி நடந்தபோது நான் யோசித்துப் பார்த்து அவளிடம் சொன்னேன்: "சிரிச்சாத்தான் இப்படி ஆகுது."

"சிரிச்சா யாராவது விழுவாங்களா? இருமுனா விழுவாங்க, தும்முனா விழுவாங்க. சிரிச்சா விழுதேன்னு நீங்கதான் சொல்லுதிய" என்றாள்.

மருத்துவர்களும் அப்படித்தான் சொன்னார்கள். ஒருவர் இரத்தசோகை என்றார், ஒருவர் அழுத்தம் குறைவு என்றார், ஒருவர் சோற்றைக் குறையுங்கள் என்றார். தூக்கத்தைப் பற்றி நான் சொன்னதும் மூவரும் புன்னகை செய்தார்கள். அதற்கு இந்த ஊர்தான் காரணம்.

மதியச் சாப்பாட்டுக்குப் பின் கொஞ்சம் கண்ணயர்வதற்கு வங்காளிகள் பாத்கூம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பாத் என்றால் சோறு, கூம் என்றால் தூக்கம், சோற்றுத் தூக்கம். அவர்கள் அதைச் சோம்பலாக நினைப்பதில்லை. இசை, மீன், அரசியல் மாதிரி ஒரு நாகரிகம். ஞாயிறு மதியம் எங்கள் குடியிருப்பில் கதவுகள் சாத்தப்பட்டு, சந்தில் கடைகளின் ஷட்டர் இறங்கி, ஒரு நாய்கூட நடமாடாது. அப்படிப்பட்ட ஊரில் ஒருவன் சாப்பிட்ட கையோடு தூங்கிவிழுந்தால் யாருக்குச் சந்தேகம் வரும்? சென்னையிலோ திருநெல்வேலியிலோ இருந்திருந்தால் திட்டித் திட்டியே ஒரு வருடத்தில் யாராவது என்னை நல்ல மருத்துவரிடம் தள்ளியிருப்பார்கள். இங்கே எனக்குப் பாராட்டு கிடைத்தது.

"மற்ற மதராஸிகளைப் பாருங்க, மத்தியானம் காபி குடிச்சிட்டு போலீஸ்காரன் மாதிரி முழிச்சிட்டு உக்காந்திருப்பாங்க" என்று தாதா அலுவலகம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். "இவரைப் பாருங்க. போன ஜென்மத்துல வங்காளி." நான் மேசையில் சாய்ந்ததும் உயரமான கோப்புகளை என்னைச் சுற்றி அடுக்கி, மேலதிகாரியின் பார்வையிலிருந்து மறைப்பார்கள். விழித்தால் நான் ஒரு சின்னக் கோட்டைக்குள் இருப்பேன். அத்தனை அன்பு. நோய் வெளியே தெரியாமல் பல ஆண்டுகள் என்னைக் காத்தது அந்த அன்புதான்.

என் மனைவி மட்டும் விடவில்லை. ஞாயிறு மதியத்துக்குச் சோற்றை நிறுத்திச் சப்பாத்தி போட்டாள். நான் சப்பாத்தி தின்றும் தூங்கினேன். விஷயம் கீழே எட்டியதும் தாதா படியேறி வந்துவிட்டார்.

"பௌதி, இது அநியாயம். சப்பாத்தி சாப்பிட்டுத் தூங்கினா அதுக்கு என்ன பேரு வைக்கறது? பாத்கூமுக்குப் பாத் வேணும்!"

"அவுங்களுக்கு எதைத் தின்னாலும் கூம்தான் தாதா. பட்டினி போட்டும் பாத்துட்டேன்" என்றாள் அவள்.

ஆண்டுகள் போகப் போக உடம்பில் கணக்குகள் ஏறின. சாப்பாடு கூடாமலேயே எடை கூடியது. இரத்தத்தில் சர்க்கரை எல்லைக்கோட்டை எட்டிப் பார்த்தது. காலையில் படித்த சுற்றறிக்கை மாலையில் புதிதாகத் தெரிந்தது. நாட்குறிப்பில் மதியம் எழுதிய வரிகள் சரிவாக இறங்கிப் பக்கத்தின் மூலையில் போய்ப் படுத்துக்கொண்டன. இரவில் மாறாக, தூக்கம் துண்டு துண்டாக உடைந்தது. இவற்றையெல்லாம் நான் சமாளித்தேன். ஏணியில் ஏறுவதை விட்டேன். ஸ்கூட்டர் வாங்கும் எண்ணத்தை விட்டேன். சூடான பாத்திரத்தைத் தொடுவதை விட்டேன். கடைசியாகச் சிரிப்பையும் விட்டேன்.

அது ஒரே நாளில் நடந்ததல்ல. யாராவது வேடிக்கையாகப் பேசத் தொடங்கினால் சுவரைப் பார்த்து, விடுப்பு விதிகளை உட்பிரிவுகளோடு மனதுக்குள் ஒப்பிப்பேன். நன்றாக வேலை செய்தது. அலுவலகத்தில் என்னைக் கண்டிப்பான ஆள் என்று சொல்ல ஆரம்பித்தார்கள். புதிதாக வந்தவர்கள் என் மேசையருகே குரலைத் தாழ்த்தினார்கள். வீட்டிலும் அதையே செய்தேன். அவள் மீன்காரராக மாறிக்கொண்டிருக்கும்போது நான் ஈட்டிய விடுப்பின் மூன்றாம் உட்பிரிவில் இருப்பேன்.

ஒரு நாள் பாதியில் நிறுத்திவிட்டாள்.

"உங்களுக்குப் பிடிக்கலைன்னா சொல்லிருங்க. நான் பாட்டுக்குக் கோட்டிக்காரி மாதிரி ஆடிட்டுக் கிடக்கேன்."

"பிடிக்காம இல்ல. சிரிச்சா விழுந்திருவேன்."

"இதையே எத்தனை நாளைக்குச் சொல்லுவிய?"

கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. அதன் பிறகு மாலைகளில் அவள் கீழ்வீட்டுப் பௌதியிடம் போய்விடுவாள். நான் மாடியில் இருப்பேன். மாடிப்படி வழியாகச் சிரிப்பு மேலே வரும்; முதலில் பௌதியின் சிரிப்பு, அப்புறம் தாதாவின் தும்மல் போன்ற சிரிப்பு, நடுவில் என் மனைவியின் குரல், யாராகவோ. யாராக என்று மட்டும் கேட்காது. திரும்பி வந்ததும், "என்ன பேசினீங்க?" என்று கேட்பேன். "சும்மாதான்" என்பாள். அந்த ஒரு சொல்லைக் கேட்டுக்கொண்டு எத்தனை வருடம் இருக்க முடியும் என்று எனக்குத் தெரியவில்லை.

ஊர் கொல்கத்தா என்று பெயர் மாறிய பிறகு வந்த ஒரு பூஜை முடிந்த வாரம். துர்கை சிலையைக் கரைத்த பின் வீட்டுக்கு வீடு போய்ப் பெரியவர்களை வணங்கி இனிப்புச் சாப்பிடுவது இங்கே வழக்கம். நாங்கள் கீழ்வீட்டுக்குப் போனோம். என் கையில் ரசகுல்லாத் தட்டு. பேச்சு எங்கெங்கோ போய், பௌதி என் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "இன்னைக்கு எங்க வீட்டுக்காரரை அவர் முன்னாடியே செஞ்சு காட்டணும். கத்தரிக்காய்."

என் மனைவி என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு என் தட்டிலிருந்து ஒரு ரசகுல்லாவை எடுத்தாள். நாடி பிடித்தாள். சாறு முழங்கை வரை வழிந்தது. காதருகே கொண்டுபோனாள். எனக்கு விடுப்பு விதிகளில் ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை. பெருமூச்சு விட்டாள்.

தட்டு முதலில் போனது, நான் பின்னால். தாதாவின் சோபாவுக்கும் முக்காலிக்கும் இடையில், ரசகுல்லாக்கள் நடுவே, காலை மடித்துக் கிடந்தேன். "தண்ணி! தண்ணி!" என்று தாதா கத்தினார். "மயக்கம்!"

"மயக்கமில்ல" என்றாள் என் மனைவி. அவள் மண்டியிட்டு என் முகத்துக்கு மிக அருகில் குனிந்து, சந்தையில் ஆட்களைப் பார்ப்பாளே, அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "கண்ணைப் பாருங்க. சிரிக்காங்க. உள்ள சிரிச்சிட்டுதான் கெடக்காங்க."

நான் எழுந்து உட்கார்ந்ததும் அவள் முதலில் சொன்னது, "சிரிச்சாத்தான் விழுதியளா? நெசமாவா?" என்பதுதான். சொல்லும்போது அவள் முகத்தில் கவலை இருந்தது. ஆனால் கவலையைவிடப் பெரிதாக இன்னொன்றும் இருந்தது. தன் வேடிக்கை இத்தனை வருடத்தில் எனக்குப் பிடிக்காமல் போகவே இல்லை என்று தெரிந்துகொண்ட நிம்மதி.

அந்த வாரமே பாலிகஞ்சில் ஒரு நரம்பியல் மருத்துவரிடம் போனோம். நடு வயதைத் தாண்டிய பெண்மணி. நான் என் வழக்கப்படி தேதி வாரியாக ஆரம்பித்தேன். அவர் முகம் முன்பு பார்த்த மூவரின் முகங்களைப் போல ஆகத் தொடங்கியது. என் மனைவி எழுந்து நின்றாள்.

"டாக்டர், நான் செஞ்சு காட்டவா?"

காட்டினாள். கையில் இல்லாத தட்டு. முகத்தில் என் அசட்டுப் புன்னகை, நான் அடக்கப் பார்ப்பது, சுவரைப் பார்ப்பது. பிறகு தாடை தளர்ந்து பேச்சு குழறியது, இமைகள் இறங்கின, தலை இரண்டு முறை ஆடி மார்பில் விழுந்தது, கடைசியில் முழங்கால். மருத்துவரின் அறைத் தரையில், புடவையோடு, என்னைப் போலவே காலை மடித்துக் கிடந்து, கண்களால் மட்டும் சிரித்தாள். மருத்துவர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். உடனே சிரிப்பை நிறுத்தி, "இன்னொரு தடவை செய்யுங்க. மெதுவா" என்றார். இரண்டாம் முறை முடிந்தபோது அவர் எழுதிக்கொண்டிருந்தார்.

உறுதி செய்ய ஒரு பரிசோதனை வைத்தார்கள். தலையில் கம்பிகளை ஒட்டிக்கொண்டு இரவு அங்கேயே படுக்க வேண்டும். மறுநாள் பகலில், இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை விளக்கை அணைத்து, எவ்வளவு சீக்கிரம் தூங்குகிறேன் என்று பார்ப்பார்கள். விளக்கு அணைவதை நான் ஒரு முறைகூட முழுசாகப் பார்த்ததில்லை. நான் ஒழுங்காகப் படித்து எழுதிய பரீட்சைகளில்கூட இவ்வளவு மதிப்பெண் வாங்கியதில்லை.

நோயின் பெயர் நார்கோலெப்சி. மூளையில் விழிப்பைப் பிடித்து நிறுத்தும் ஒரு பொருள் குறைந்துபோனதால், தூக்கம் நேரம் பார்க்காமல் உள்ளே வந்துவிடுகிறது. கனவு காணும்போது எல்லோருக்கும் தசைகள் தளர்ந்திருக்குமாம். அந்தத் தளர்ச்சி எனக்குச் சிரிக்கும்போது, விழித்திருக்கையிலேயே வருகிறது. இது போகாது என்று மருத்துவர் ஒளிக்காமல் சொன்னார். எடை கூடும், சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் வருடா வருடம் பார்க்க வேண்டும், வண்டி ஓட்டக் கூடாது, மனம் சோர்ந்தால் அதையும் நோயின் பகுதியாக எடுத்துக்கொண்டு வந்து சொல்ல வேண்டும். பகல் தூக்கத்துக்கு ஒரு மாத்திரை, விழுவதற்கு ஒரு மாத்திரை.

"சிரிக்கலாமா?" என்று கேட்டது என் மனைவி.

"தாராளமா. உக்காந்துட்டுச் சிரிக்கட்டும்."

கூடவே மருத்துவர் இன்னொன்றும் எழுதிக் கொடுத்தார்: மதிய உணவுக்குப் பின் கால் மணி நேரம் கட்டாயம் தூங்க வேண்டும், அலுவலகம் அதற்கு இடம் தர வேண்டும் என்று. செய்தி கேட்டபோது தாதா முதலில் கொதித்தார். "பாத்கூம் வியாதியா? அப்போ மொத்தக் கொல்கத்தாவையும் ஆஸ்பத்திரியில சேர்க்கணும்!" பிறகு அந்தச் சீட்டை வாங்கிக் கண்ணாடியை மாற்றிக்கொண்டு படித்தார். முகம் மலர்ந்துவிட்டது. "டாக்டரே எழுதியிருக்காங்க. இது மருந்து! எனக்கும் ஒரு நகல் எடுத்துக் குடுங்க." அலுவலகத்தில் கோப்புக் கோட்டைக்கு இனி அவசியமில்லை. ஆனாலும் அவர் பழக்கத்தில் இரண்டு கோப்புகளையாவது நிறுத்திவைத்துவிட்டுத்தான் போவார்.

அன்றிலிருந்துதான் எங்கள் வீட்டுச் சட்டம். "உக்காருங்க" என்பாள், நான் உட்காருவேன், சந்தை உள்ளே வரும். பாக்கி வைத்திருந்ததையெல்லாம் அவள் கொட்டினாள். கீழ்வீட்டுக்கு மட்டும் போய்க்கொண்டிருந்த ஆட்கள் ஒவ்வொருவராகப் படியேறி வந்தார்கள். நான் நாற்காலியில் சரிந்து, தலை தொங்கி, கைகள் செத்துக் கிடக்க, உள்ளே முழுச் சிரிப்பில் இருப்பேன். அவள் நிறுத்தாமல் நடிப்பாள். கண்ணைப் பார்த்தால் அவளுக்குப் போதும்.

சர்க்கரை எல்லைக்கோட்டைத் தாண்டி வந்தேவிட்டது; அதற்கும் ஒரு மாத்திரை. எடை ஏறிய அளவுக்கு இறங்கவில்லை. குளிர்காலத்தில் புதுவெல்லத்தில் செய்யும் சந்தேஷ் இனிப்பைப் பார்த்துக்கொண்டு மட்டும் இருக்கிறேன். மறதி இருக்கிறது. சில காலைகளில் காரணமில்லாமல் எல்லாம் சாம்பல் நிறமாக இருக்கும். மருத்துவர் சொன்னபடி அதைச் சொல்லிவிடுகிறேன். மாத்திரைகள் விழுவதை முற்றாக நிறுத்தவில்லை, அடிக்கடி வராமல் செய்திருக்கின்றன. முழங்கால் லேசாக இறங்கி, லிஃப்ட் தளத்தில் நிற்பதுபோல் ஒரு குலுக்கலோடு நின்றுவிடும்.

போன குளிர்காலத்தில் ஒரு காலை, நாங்கள் இருவரும் டாலிகஞ்ச் சந்தைக்குப் போயிருந்தோம். காய்கறிக் கடைக்கு முன்னால், ஓய்வு பெற்று முடி முழுக்க நரைத்த தாதா நின்றிருந்தார். எங்களைப் பார்க்கவில்லை. ஒரு கத்தரிக்காயை எடுத்தார். என் கையில் பை, காலடியில் மீன் தண்ணீர், உட்கார ஓரிடமும் இல்லை. நான் திரும்பி மனைவியைப் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது. அவள் கண்ணைப் பாதி மூடி, இல்லாத ஒன்றைக் காதருகே கொண்டுபோய்க் காத்திருந்தாள். தாதா பெருமூச்சு விட்ட அதே நொடியில் அவளும் விட்டாள்.

நான் சிரித்தேன். சத்தமாக. தாடை தளர்ந்தது, முழங்கால் இறங்கியது. அவள் என் அக்குளில் கையைக் கொடுத்துத் தாங்கினாள். முழங்கால் பாதியில் நின்றது. நான் நின்றுகொண்டிருந்தேன், நின்றுகொண்டே சிரித்துக்கொண்டிருந்தேன். தாதா திரும்பிப் பார்த்து, "யாரைப் பாத்துச் சிரிக்கறீங்க?" என்றார். கடைக்காரர் தான் உட்கார்ந்திருந்த மரப்பெட்டியைக் காலால் எங்கள் பக்கம் தள்ளி, "போஷுன் தாதா, போஷுன்" என்று என்னை உட்காரச் சொன்னார்.

பெட்டியில் உட்கார்ந்தேன். பையை மடியில் வைத்து, கைகளை அதன் மேல் வைத்துக்கொண்டேன்.

"ம், உக்காந்தாச்சு" என்று அவளிடம் சொன்னேன். "இப்ப முதல்லேருந்து செய்."